பரம்பரை நிலமா? யாருடைய பரம்பரை?

2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் 'வாரிசு வரி' என்ற சொல் நாட்டையே ஒரு உலுக்கு உலுக்கியது. அமெரிக்காவில் அப்படி ஒரு வரி இருக்கிறது, இங்கேயும் விவாதிக்கலாம் என்கிற மாதிரி சாம் பித்ரோடா பேசினார். உடனே பிரதமர் அதைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு மேடை தாக்கினார். காங்கிரசோ அது அவருடைய சொந்தக் கருத்து என்று கைகழுவியது. "அப்பன் பாட்டன் உழைத்துச் சேர்த்ததைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாதா?" இந்தக் கேள்வி வந்துவிட்டால் இங்கே எல்லாக் கட்சியும் ஒரே கட்சிதான்.

நான் கேட்கிறேன்: யாருடைய அப்பன்? யாருடைய பாட்டன்?

என் தாத்தா பண்ணையாள். விடியும் முன் ஆண்டையின் வயலில் இறங்கி, இருட்டிய பிறகு கரையேறியவர். அவர் உழைத்ததும் சேர்ந்தது. ஆனால் அவர் பிள்ளைக்குச் சேரவில்லை. ஆண்டையின் மகனுக்கு நிலம் வந்தது. என் அப்பாவுக்குத் தாத்தா வாங்கிய கடன் வந்தது. இரண்டும் வாரிசுரிமைதான். ஒன்றுக்குப் பட்டா உண்டு, இன்னொன்றுக்கு முதுகுத் தழும்பு உண்டு.

வாரிசு வரி இந்த நாட்டுக்குப் புதிதும் அல்ல. 'எஸ்டேட் டூட்டி' என்ற பெயரில் 1953 முதல் 1985 வரை இருந்தது. வி.பி. சிங் நிதியமைச்சராக இருந்தபோது எடுத்துவிட்டார்கள். வசூல் அற்பம் என்று காரணம் சொன்னார்கள். வசூல் குறைந்தால் ஓட்டையை அடைக்க வேண்டும். இவர்கள் பானையையே உடைத்துவிட்டார்கள்.

நில உச்சவரம்புக்கும் இதே கதிதான். தமிழ்நாட்டில் 1961 சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது. 1970இல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். நிலம் கைமாறியதா? மாறியது, ஒரே வீட்டுக்குள். பங்காளி பெயர், மைத்துனன் பெயர், அறக்கட்டளை பெயர், கடைசியில் விவரம் தெரியாத பண்ணையாள் பெயர்கூடப் பத்திரத்தில் ஏறியது. விளைச்சல் மட்டும் பழைய களஞ்சியத்துக்கே போனது.

"வரி போட்டால் ஏழை விவசாயி அழிந்துவிடுவான்" என்பார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்தியாவில் நூற்றுக்கு 86 நிலவுடைமைகள் 2 ஹெக்டேருக்கும் குறைவானவை. அவர்கள் ஒருவர் மீதும் வரி போட வேண்டாம். 10 ஹெக்டேருக்கு மேல் வைத்திருப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் அவர்கள் கையில் சுமார் 9 விழுக்காடு நிலம். மக்கள்தொகையில் 16 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிற தலித்துகள் எல்லோரும் சேர்ந்து சாகுபடி செய்வதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஏழை விவசாயியை முன்னால் நிறுத்தி அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது யார் என்று இப்போது புரிகிறதா தோழர்களே?

இன்னொன்றும் கேட்கிறேன். குடும்ப நிலம் அவ்வளவு புனிதம் என்றால், எங்கள் குடும்ப நிலம் எங்கே? செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையின் பேரில் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் எங்கள் மக்களுக்கு மட்டுமே விற்கலாம், மீறினால் கிரயம் செல்லாது என்று நிபந்தனை போட்டுக் கொடுத்த நிலம் அது. அந்த நிலமெல்லாம் இன்று யார் பட்டாவில் இருக்கிறது? எங்கள் ஊர் அ-பதிவேட்டின் நகலைக் கேட்டு நான் தாலுகா ஆபீசுக்கு நடந்த நடைக்குக் கணக்கில்லை. "பழைய பதிவேடு செல்லரித்துப் போச்சு" என்பதுதான் கிடைத்த பதில். கரையானுக்கும் சாதி தெரியும் போலிருக்கிறது, எங்கள் பெயர் இருந்த பக்கத்தை மட்டும் தின்றிருக்கிறது.

காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். பாட்டன் நிலத்தைக் கேட்டதற்கு நாங்கள் கட்டிய வாரிசு வரி அது.

விவசாய நிலத்தின் மீதான வாரிசுத் தீர்வை அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. டெல்லியைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது. சமூகநீதி பேசுகிற சட்டமன்றம் ஒரு சட்டம் போடட்டும். சிறு, குறு விவசாயிக்கு முழு விலக்கு கொடுங்கள். பெரும் நிலம் கைமாறும்போது மட்டும் வரி வாங்குங்கள். பணமாகக் கட்ட முடியாதவர் நிலமாகக் கொடுக்கட்டும். அந்த நிலத்தை நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு, பெண்கள் பெயரில் பட்டாவாகக் கொடுங்கள். அதற்கும் முன்னால் பஞ்சமி நிலத்தை மீட்டுக் கொடுங்கள். அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம், 1892 ஆணையே போதும்.

இது பிச்சை அல்ல. உங்கள் பாட்டன் சேர்த்ததில் எங்கள் பாட்டனுக்கு வரவேண்டிய கூலி பாக்கி இருக்கிறது. பாக்கியைத் தீர்த்துவிட்டுப் பிறகு பேசுங்கள், பரம்பரையைப் பற்றி.