சுவிஸ் உணவகங்களின் விலை: நூறு பிராங் எங்கே போகின்றது?

கோடை விடுமுறைக்குக் கனடாவிலிருந்தோ பிரித்தானியாவிலிருந்தோ சுவிற்சர்லாந்துக்கு வரும் உறவினர்கள் முதல் நாளிலேயே கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. ஒரு கோப்பை கோப்பிக்கு நான்கரை பிராங்கா? இன்டர்லாக்கனிலிருந்து யுங்பிராவ் மலைமுகட்டுக்குப் புகைவண்டியில் போய்வர ஆளுக்கு இருநூறு பிராங்குக்கு மேலா? வியப்பு நியாயமானதே. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிபரத் திணைக்களம் நாடுகளுக்கிடையில் விலைகளை ஒப்பிட்டு வருகின்றது. சுவிற்சர்லாந்தில் உணவகங்களினதும் தங்கு விடுதிகளினதும் விலைமட்டம் ஒன்றியத்தின் சராசரியைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேலாக இருப்பதை அது பல ஆண்டுகளாகவே காட்டுகின்றது.

இதற்கு வழமையாகத் தரப்படும் விடை, "இங்கே சம்பளம் அதிகம்" என்பதாகும். அந்த விடையில் பாதி உண்மை. சொல்லப்படாத மறுபாதியே இக்கட்டுரையின் பொருள். எம்மவர் பலர் இந்நாட்டில் முதன்முதலாகக் கால்வைத்த தொழிலிடம் உணவகத்தின் சமையற்கூடம் என்பதால், இக்கணக்கு எமக்கு வேடிக்கை பார்க்கும் விடயமன்று.

முதலில் ஒப்பீட்டைச் சரியாகச் செய்தல் வேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் விலைப்பட்டியலில் காணும் தொகையுடன் வரியும், அதன்மேல் நூற்றுக்குப் பதினைந்து இருபது என்று சேவைப்பணமும் சேர்கின்றன. சுவிற்சர்லாந்தில் 1974ஆம் ஆண்டு முதல் சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே அடங்கிவிட்டது. பெறுமதி சேர் வரியும் அவ்வாறே. ஆகவே ரொறன்ரோவின் இருபது டொலரையும் சூரிச்சின் இருபத்தைந்து பிராங்கையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தவறு. இந்தத் திருத்தங்களையெல்லாம் செய்த பின்னரும் சூரிச் மலிவாகிவிடுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சாதாரண உணவகமொன்றில் வாடிக்கையாளர் செலுத்தும் நூறு பிராங்கை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ அரைவாசி ஊழியர் சம்பளத்துக்கும் அதனோடு சேர்ந்த காப்புறுதிகளுக்கும் செல்கின்றது. கால்வாசிக்குச் சற்று மேல் இறைச்சி, மரக்கறி, பானங்கள் முதலிய கொள்வனவுக்கு. எஞ்சியதில் வாடகை, மின்சாரம், வட்டி, பழுதுபார்ப்பு எல்லாம் போக, முதலாளியின் கையில் நிற்பது பெரும்பாலும் சொற்பமே. நட்டத்தில் ஓடும் உணவகங்களும் குறைவல்ல. கோப்பிக் கோப்பையொன்றுக்குள் போகும் கொட்டையின் விலை சில பத்து ராப்பன்கள் மாத்திரமே. மீதி நாற்காலிக்கும் கூரைக்கும் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தவருக்கும் அதைக் கழுவியவருக்கும் உரியது.

வரியிலும் ஒரு வேடிக்கை உண்டு. 2024ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த வீதங்களின்படி, உணவகத்தில் அமர்ந்து உண்பதற்குப் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 8.1. அதே உணவைப் பொதிசெய்து வெளியே கொண்டுபோனால் 2.6. விடுதியில் இரவு தங்குவதற்கு 3.8. தங்குமிடத்துக்கான இச்சலுகை 1996ஆம் ஆண்டில், சிலகாலத்துக்கென்று சொல்லிக் கொண்டுவரப்பட்டது. அது பின்னர் மீண்டும் மீண்டும் நீடிக்கப்பட்டு வந்துள்ளது. விடுதி உரிமையாளரின் குரல் நாடாளுமன்றத்தில் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதற்கு இதுவே சான்று.

கொள்வனவுக்குப் போகும் அந்தக் கால்வாசியைச் சற்று உற்று நோக்கவேண்டும். சுவிஸ் கமக்காரரைப் பாதுகாப்பதற்காக இறைச்சி, பால், மரக்கறி இறக்குமதிக்கு ஒதுக்கீட்டு அளவுகளும் உயர்ந்த தீர்வைகளும் உண்டு. இதனால் இறைச்சியின் விலை ஒன்றியத்தின் சராசரியைப்போல் இரு மடங்குக்கும் மேல். எல்லையோரக் குடும்பங்கள் இதற்கு வழி கண்டுவிட்டன. சனிக்கிழமைகளில் கொன்ஸ்ரன்சிலும் வைல் அம் றைனிலும் உள்ள ஜேர்மன் கடைகளில் எம்மவரையும் காணலாம். ஆளுக்கு ஒரு கிலோ இறைச்சிதான் தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்பது சிறுபிள்ளைகளுக்கும் தெரியும். வரியின்றிக் கொண்டுவரக்கூடிய பொருட்களின் பெறுமதியை அரசாங்கம் 2025 ஜனவரி முதல் 300 பிராங்கிலிருந்து 150ஆகக் குறைத்தது. குடும்பம் எல்லை கடக்கலாம். நாளொன்றுக்கு நூறு பேருக்குச் சமைக்கும் உணவகம் அவ்வாறு கடக்க முடியாது.

இதைவிட மறைவான காரணம் ஒன்றும் உண்டு. வெளிநாட்டுப் பெருநிறுவனங்கள் பல, தங்கள் பொருளைச் சுவிஸ் வர்த்தகர் தமது நாட்டிலுள்ள விநியோகத்தர் மூலமாகவே வாங்கவேண்டும் என்று நிர்ப்பந்தித்து வந்தன. அதே சோடாவும் அதே சவர்க்காரமும் எல்லைக்கு அப்பால் ஒரு விலை, இப்பால் வேறு விலை. "சுவிஸ்காரனிடம் பணமுண்டு, கொடுப்பான்" என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் கிடையாது. உணவக உரிமையாளர் சங்கமும் நுகர்வோர் அமைப்புகளும் சேர்ந்து கையெழுத்துத் திரட்டி 2017ஆம் ஆண்டின் இறுதியில் நியாய விலைக்கான மக்கள் மனுவைச் சமர்ப்பித்தன. அதன் பயனாகத் திருத்தப்பட்ட போட்டிச் சட்டம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. முதலாளிமாரின் சங்கமொன்று செய்த காரியங்களுள் பாராட்டத்தக்கது இது. ஊழியரின் சம்பளத்தில் கைவைக்காமல் விலையைக் குறைக்கும் வழி இருக்கின்றது என்பதை அவர்களே காட்டிவிட்டார்கள்.

அடுத்தது பிராங்கின் பலம். 2007ஆம் ஆண்டில் ஒரு யூரோவுக்கு 1.60 பிராங்குக்கு மேல் கிடைத்தது. 160 பிராங் வாடகையுள்ள அறை ஜேர்மன் குடும்பமொன்றுக்கு நூறு யூரோவுக்கும் குறைவு. நெருக்கடிக் காலத்தில் உலகத்துப் பணமெல்லாம் பிராங்கைத் தஞ்சமடைய, அதன் பெறுமதி ஏறியது. 2011 செப்ரெம்பரில் மத்திய வங்கி ஒரு யூரோவுக்கு 1.20 என்று அடிமட்டம் வகுத்துத் தடுத்துப் பார்த்தது. 2015 ஜனவரி 15ஆம் நாள் அந்தத் தடையை முன்னறிவித்தலின்றி நீக்கியது. யூரோவும் பிராங்கும் ஏறத்தாழச் சமமாயின. அதே அறை, அதே கட்டில், உரிமையாளர் ஒரு ராப்பனும் கூட்டவில்லை. ஆயினும் அந்த ஜேர்மன் குடும்பத்துக்கு வாடகை 160 யூரோவாகியது.

விளைவு கண்கூடு. 2008இல் ஜேர்மனியர் சுவிஸ் விடுதிகளில் கழித்த இரவுகள் ஆறு மில்லியனுக்கு மேல். 2015இல் நான்கு மில்லியனுக்கும் கீழ். பரம்பரை பரம்பரையாகக் கிறவ்புண்டனின் பள்ளத்தாக்குகளுக்கு வந்துகொண்டிருந்த குடும்பங்கள் ஒஸ்ரியாவின் பக்கம் திரும்பின. அரசாங்கம் நாணய நெருக்கடியைக் காரணமாக ஏற்று, குறைநேர வேலைக்கான இழப்பீட்டைத் திறந்துவிட்டது. இத்தோடு சுவிஸ் உல்லாசப் பயணத்துறை முடிந்தது என்று எழுதியோர் உண்டு. நடந்ததோ வேறு. 2024ஆம் ஆண்டில் விடுதிகளில் பதிவான இரவுகள் 42.8 மில்லியன், அதுவரை காணாத உச்சம். அமெரிக்கரின் பங்கு மட்டும் மூன்று மில்லியனுக்கு மேல். லுசேர்னும் இன்டர்லாக்கனும் நிரம்பி வழிந்தன. விலை குறையவில்லை; வாங்குபவர் மாறினார். நடுத்தரக் குடும்பத்தின் இடத்தில் தூரதேசத்துச் செல்வந்தர் வந்து அமர்ந்தார். ஆகவே விலையைக் குறைத்தாலன்றி இத்தொழில் பிழைக்காது என்று எவரேனும் சொன்னால், அதை அப்படியே நம்பவேண்டிய தேவையில்லை.

இனி அந்த அரைவாசியான சம்பளத்துக்கு வருவோம். 1980களில் இங்கு வந்த எம்மவருக்குத் தஞ்ச மனு விசாரணையில் இருக்கும்போது எல்லாத் தொழில்களும் திறந்திருக்கவில்லை. உள்ளூரார் முன்வராத வேலைகளே கிடைத்தன. கோப்பை கழுவுதல் அவற்றில் முதன்மையானது. கழுவியவர்கள் மரக்கறி வெட்டினார்கள். வெட்டியவர்கள் சமையற்காரர் ஆனார்கள். மலையூர் விடுதிகளில் சுவிஸ் நாட்டின் தேசிய உணவு தமிழரின் கையால் வெந்த காலம் அது. அந்தச் சம்பளத்திலும் நூற்றுக்குப் பத்து வீதம் தஞ்சச் செலவுக்கென்று கழிக்கப்பட்டு வந்ததை மறந்தவர் இருக்க முடியாது. அந்த விசேட அறவீடு 2018 ஜனவரியில்தான் நீக்கப்பட்டது.

உயர்ந்த சம்பளம் என்கிறார்களே, அது எவ்வளவு? தொழிற்சங்கங்களும் உரிமையாளர்களும் செய்துகொண்ட நாடளாவிய விடுதித்துறைக் கூட்டொப்பந்தத்தின்படி, பயிற்சிச் சான்றிதழ் இல்லாத ஊழியருக்கு 2024இல் ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 3,666 பிராங். வாரத்துக்கு 42 மணிநேரம். பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் மணிக்கு 22 பிராங்கை எட்டாது. இதிலிருந்து வாடகையும், தலைக்குத் தலை கட்டவேண்டிய நோய்க் காப்புறுதியும் போகவேண்டும். தான் பரிமாறும் உணவைத் தன் குடும்பத்தோடு அமர்ந்து உண்ண அந்த ஊழியருக்கு ஒருநாட் சம்பளம் போதாது.

நாடு முழுவதற்கும் மணிக்கு 22 பிராங் என்று குறைந்தபட்ச ஊதியம் வகுக்கும் யோசனையை 2014 மே மாத வாக்கெடுப்பில் மக்கள் 76 வீதத்தினர் நிராகரித்தார்கள். பின்னர் சில கன்ரன்கள் தாமே வழிசெய்தன. நொஷத்தலில் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கை 2017இல் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஜெனீவாவில் பெருந்தொற்றுக் காலமான 2020 செப்ரெம்பரில் 58 வீதத்தினர் மணிக்கு 23 பிராங்குக்கு ஆதரவளித்தனர். விலைவாசியோடு உயர்ந்து 2024இல் அது 24.32 ஆயிற்று. முழுநேரம் உழைக்கும் சமையற்கூட உதவியாளருக்கு, கூட்டொப்பந்தச் சம்பளத்தைவிட மாதம் 450 பிராங் அளவில் கூடுதல்.

இந்த 450 பிராங்கின் மீதுதான் கண் விழுந்தது. நாடளாவிய கூட்டொப்பந்தம் பொதுவாகக் கட்டாயமாக்கப்பட்ட துறைகளில் கன்ரன்களின் உயர்ந்த ஊதியத்துக்கு மேலாக ஒப்பந்தத்தின் ஊதியமே செல்லுபடியாகவேண்டும் என்ற பிரேரணையை நாடாளுமன்றத்தின் இரு சபைகளும் 2022இல் ஏற்றுக்கொண்டன. தேசிய சபையில் வாக்கு வித்தியாசம் மிகச் சொற்பம். கருத்துக் கேட்கப்பட்டபோது பெரும்பாலான கன்ரன்கள் எதிர்த்தன. மக்கள் வாக்களித்து நிறைவேற்றியதை ஒப்பந்தமொன்று மேவலாகாது என்பது அவற்றின் வாதம். சட்டமூலத்தை 2024இன் இறுதியில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய அரசாங்கமே அதை நிராகரிக்கும்படியும் சேர்த்துக் கேட்டுக்கொண்டது.

இறைச்சித் தீர்வையைத் தொட்டால் கமக்காரர் பேர்ண் நகருக்கு உழவு இயந்திரங்களோடு வருவார்கள். தங்குமிட வரியைத் தொட்டால் விடுதிச் சங்கம் எழும்பும். சமையற்கூடத்தின் பின்வாசலில் நிற்பவர்களில் கணிசமானோருக்கு இந்நாட்டில் வாக்குரிமையே கிடையாது.