வக்கீல் தளபதியும் ஒரு கட்டுக் கடிதங்களும்

நம்மவர் இல்லங்கள் பலவற்றில் பரண்மேல் ஒரு தகரப் பெட்டி இருக்கும். ஊரிலிருந்து தந்தையார் எழுதிய கார்டுகளும், வடக்கே வேலைக்கு வந்த புதிதில் நாம் தாயாருக்கு எழுதிய கடிதங்களும் அதனுள் மஞ்சள் பூத்துக் கிடக்கும். தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது, "பிள்ளைகளுக்கோ தமிழ் எழுத்துத் தெரியாது, இவற்றை இனி யார் படிக்கப் போகிறார்கள்?" என்று ஒரு குரல் எழும். அக்குரலுக்கு மறுமொழியாக, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தளபதியான ஒரு வக்கீலின் கதையை இம்மாதம் சொல்லலாம் என்று தோன்றிற்று.

பிரான்சிஸ் சானிங் பார்லோ 1834-இல் புரூக்ளினில் பிறந்தவர். 1855-இல் ஹார்வர்டில் முதல் மாணவராகத் தேறி, நியூயார்க்கில் வக்கீல் தொழில் நடத்தியவர். 1861 ஏப்ரலில் போர் மூண்டதும் சாதாரணச் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தார். ஏப்ரல் 20-ஆம் தேதி, தம்மினும் பத்து வயது மூத்தவரான அரபெல்லா கிரிஃபித்தை மணந்து, மறுநாளே அவரைப் பிரிந்து வாஷிங்டனுக்குப் புறப்பட்டார்.

போர்க்கலையைப் பள்ளியில் பயிலாத அவ்வக்கீல் விரைவில் உயர்ந்தார். 1862 செப்டம்பரில் ஆன்டீடம் போரில் படுகாயம் பட்டார். பிரிகேடியர் ஜெனரல் பதவியும் பெற்றார். 1863 ஜூலை 1-ஆம் தேதி கெட்டிஸ்பர்க் களத்தில் தம் படைப்பிரிவை ஒரு சிறு மேட்டிற்கு முன்னேற்றி நிறுத்தினார். பகைவர் சூழ்ந்துகொண்டனர். படை சிதறிற்று; குண்டு பட்ட பார்லோ பகைவர் கையில் சிக்கினார்.

இவ்விடத்தில் ஒரு கதை உண்டு. தென்னவர் தளபதி ஜான் கார்டன், 1903-இல் வெளியான தம் நினைவுநூலில் அதை எழுதினார். சாகக் கிடந்த பார்லோவுக்குத் தாம் தண்ணீர் கொடுத்ததாகவும், மனைவி எழுதிய கடிதங்களைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அழித்துவிடும்படி அவர் வேண்டியதாகவும், இறந்துபோனார் என்று நினைத்திருந்தவரைப் பல்லாண்டு கழித்து ஒரு விருந்தில் உயிருடன் கண்டு திகைத்ததாகவும் அதில் வருகிறது. கேட்டவர் நெஞ்சை உருக்கும் கதைதான்!

ஆனால் பார்லோ 1863 ஜூலை 7-ஆம் தேதி தாயாருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. காயம் பட்டது, நடக்க மாட்டாமல் விழுந்தது, பகைவரின் அதிகாரி ஒருவர் தம்மைத் தூக்கிச் செல்ல ஏற்பாடு செய்தது யாவும் அதில் உள்ளன. அந்த அதிகாரியின் பெயரையும் குறித்திருக்கிறார். அது கார்டன் அன்று. கார்டனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வரலாற்றாசிரியர்கள் இன்றும் இதுபற்றி வாதாடுகிறார்கள்.

அதற்காக அவர் கடிதங்களை வேதவாக்காகக் கொள்ளவும் வேண்டா. தோல்விக்குக் காரணம் தம் சிப்பாய்களே என்று வீட்டுக்கு எழுதினார். அம்மேட்டிற்கு முன்னேறியதே பிழை என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. தம் கட்சியைத் தாமே வாதிக்கும் வக்கீலைக் குறுக்கு விசாரணை செய்துதான் ஏற்க வேண்டும். அதற்கும் கடிதம் கையில் இருக்க வேண்டுமல்லவா?

அரபெல்லா போர்க்கள மருத்துவமனைகளில் தொண்டு புரிந்தார்; காயமுற்ற கணவரைக் கெட்டிஸ்பர்க்கிலும் பேணினார். அத்தொண்டிலேயே விஷக்காய்ச்சல் கண்டு 1864 ஜூலை 27-ஆம் தேதி மறைந்தார். போர் முடிந்தபின் பார்லோ நியூயார்க் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலாகி, நகரப் பணத்தைச் சூறையாடிய ட்வீட் கூட்டத்தார்மீது வழக்கு நடத்தினார்; 1896-இல் காலமானார். தாயாருக்கும் சகோதரர்களுக்கும் அவர் எழுதிய போர்க்காலக் கடிதங்கள் பாஸ்டனில், மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் காக்கப்பட்டு, 2004-இல் நூலாகவும் வந்தன.

யாரோ கட்டி வைத்ததனால் அவை பிழைத்தன. நம் பெட்டியில் தளபதிகள் இல்லாமலிருக்கலாம். ஆயினும் பாட்டனார் எந்த ஆண்டில், என்ன சம்பளத்திற்கு, எந்தத் துக்கத்தை விழுங்கிக்கொண்டு ரயிலேறினார் என்பதை அக்கடிதங்களன்றி வேறு எது சொல்லும்? நாளடைவில் வீட்டில் வழங்கும் கதை இனித்துப் போகும். அன்றெழுதிய கடிதம் உவர்ப்பாகவே நிற்கும்.

ஆகையால் அன்பர்களே, இந்தத் தீபாவளிக்குப் பெட்டியை ஒழிக்காதீர்கள், திறவுங்கள். எழுதியவர் யார், எழுதிய நாள் எது என்று ஒரு தனித்தாளில் குறித்து உடன் வையுங்கள். தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே, பேரக்குழந்தைகளை அருகில் அமர்த்தி ஒரு கடிதத்தையேனும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.