வெயிலுக்கு ஓர் எண் போதுமா?

மாசி பிறந்தால் திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஆற்றுகால் பொங்கலைப் பற்றித்தான் பேச்சு. கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டையிலும் வாசலிலேயே செங்கல் அடுப்பு கூட்டிவிடுவார்கள். பண்டார அடுப்பில் தீ மூட்டவே காலை பத்து மணி ஆகிவிடும். நிவேத்தியம் முடியப் பிற்பகல். வெயில் மிகக் கடுமையாக இருக்கும் நேரம் முழுவதும் நம் வீட்டுப் பெண்கள் திறந்தவெளியில்தான்.

குடை எடுத்துக்கொள் என்றேன் என் அண்ணன் மகளிடம். "எஸ்.பி.எஃப். ஐம்பது தடவியிருக்கேன் சித்தப்பா, ஒண்ணும் ஆகாது" என்றாள். அந்த நம்பிக்கையைப் பற்றியே இதை எழுதுகிறேன்.

சூரியனிடமிருந்து நம்மை வந்தடையும் புற ஊதாக் கதிர்களில் இரண்டு வகை. 'பி' வகை தோலின் மேற்பகுதியைச் சுட்டுச் சிவக்க வைக்கும். 'ஏ' வகை இன்னும் ஆழமாக இறங்கித் தோலைக் கறுக்க வைக்கும், நாளடைவில் சுருக்கம் விழச் செய்யும். தரைக்கு வரும் புற ஊதாக் கதிர்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு இந்த 'ஏ' வகையே. மேகத்தையும் சன்னல் கண்ணாடியையும் அது ஊடுருவும். இரண்டுமே தோல் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியவை.

எஸ்.பி.எஃப். என்ற எண் பெரும்பாலும் 'பி' வகையைப் பற்றியது. 15 என்றால் சுமார் 93 விழுக்காடு தடுக்கும். 30 என்றால் 97. 50 என்றால் 98. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையே விலை எவ்வளவு கூடினாலும், தடுப்பதில் கூடுவது ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான். 'ஏ' வகைக்கு என்ன காப்பு என்று அறிய, பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் எத்தனை கூட்டல் குறி என்று பார்க்க வேண்டும். 1996-இல் ஜப்பானில் தொடங்கிய முறை இது. குறி கூடக்கூடக் காப்பும் கூடும். நான்கு வரை உண்டு. நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்து வாங்குகிறோம்?

இன்னொன்று. ஆய்வுக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவித்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். நாமோ பொட்டு வைப்பதுபோல் தொட்டுத் தேய்க்கிறோம். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளமாவது வேண்டும். அடுப்படியில் வியர்த்து வழிந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் தடவ வேண்டும்.

"நாம் கறுப்பு, நமக்கெதற்கு இதெல்லாம்" என்பார்கள் பெரியவர்கள். கறுப்பு நிறம் ஓரளவு காக்கும் என்பது உண்மைதான். ஆனால் கன்னத்தில் படரும் மங்கு நம்மவர்களுக்கு வருவதில்லையா? கண்ணில் புரை விழுவதற்கும் இந்தக் கதிர்கள் ஒரு காரணம். நிறத்தைப் பார்த்துக் கண் தப்புவதில்லை.

நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு எட்டரை பாகை வடக்கே இருக்கிறது. சித்திரைப் பிறப்பையொட்டி நண்பகலில் நம் நிழல் காலடியில் மறைந்துவிடும். 2025 மார்ச்சில் கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பல இடங்களில் புற ஊதாக் குறியீட்டை அளந்து எச்சரித்தது. 8 முதல் 10 வரை ஆரஞ்சு எச்சரிக்கை; 11-ம் அதற்கு மேலும் சிவப்பு. காலை 10 முதல் பிற்பகல் 3 வரை நேர் வெயிலில் நெடுநேரம் நிற்க வேண்டாம் என்பதே அதன் அறிவுரை. பொங்கல் நேரமும் அதுவே!

வழிபாட்டு நேரத்தை மாற்றச் சொல்லவில்லை. நிழலை உண்டாக்கலாமே என்கிறேன். தண்ணீரும் மோரும் தருவதில் நம் அமைப்புகள் குறை வைப்பதில்லை. அதோடு அடுப்பிலிருந்து எட்ட, தெருவுக்கு ஒரு பந்தல் போட்டால் என்ன? தீ மூட்டும் வரையிலும், நிவேத்தியத்துக்குக் காத்திருக்கும்போதும் பெண்கள் அதில் உட்காரலாம். முழுக்கை ரவிக்கை, தலையில் முந்தானை, கையில் குடை: பாட்டிமார் அறிந்த இந்தக் காப்பு 'ஏ', 'பி' என்று பேதம் பார்க்காது. களிம்பு அதற்குத் துணையாக இருக்கட்டும். அதற்குப் பதிலாக வேண்டாம்.