ஆங்கில வகுப்பில் தமிழுக்கு அபராதம்

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்னும் வழக்கத்தை இன்னும் சில கல்விக்கூடங்கள் பெருமையாகவே கருதுகின்றன. நமக்கு இது கற்பித்தலாகவே தோன்றவில்லை. 'வீட்டில்' என்பதில் பெயருக்குப் பின்னால் ஒட்டிவரும் வேற்றுமை உருபு, 'இன் தி ஹவுஸ்' என்பதில் தனிச்சொல்லாகி முன்னால் போய் நிற்கிறது; அந்தத் 'தி'க்கு நிகரான சொல்லோ தமிழில் இல்லை. 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் பசித்தவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார்; ஆங்கிலத்தில் அவரே எழுவாயாக வேண்டும். மாணவர் தடுமாறுவது இவ்விடங்களில்தான். விளியோடு எட்டு வேற்றுமைகளைத் தொல்காப்பியம் வகுத்துவைத்த மொழியில் இதை விளக்குவது எளிது. ஆசிரியருக்குத் தமிழிலக்கணம் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. (தெரியாததை மறைக்கத்தான் அபராதமோ என்ற ஐயமும் நமக்குண்டு.) குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்கு வரும் கிராமத்துப் பெண் மூன்றாண்டும் வாய் திறவாமலே பட்டம் பெற்றுப் போகிறாள். அவளுக்கு ஆங்கிலம் வராது என்று தீர்ப்பெழுதுபவர்கள், அவளை ஒருமுறையேனும் தமிழில் ஐயம் கேட்க விட்டிருக்கிறார்களா?