பாலை வழியும் கூட்டு நடையும்

தமிழிலக்கணம் பாலைக்கெனத் தனிநிலம் வகுத்திலது. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் இயல்பு திரிந்தவிடத்துப் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறும். இதனை மாணவர்க்கு நூலிலிருந்து கற்பித்த யான், காலால் அறிந்தது கதிர்காமப் பாதயாத்திரையிலேயாம்.

படுவான்கரையிலுள்ள எம் வவுணதீவில் மாரிக்காலத்து வெள்ளம் பரந்த வயல், ஆடியில் வெடித்துக் கிடக்கும். உகந்தைக்கு அப்பாலோ வெம்மை இன்னும் மிகும். ஆங்கு முருகனை வணங்கிக் காட்டினுள் நுழைந்தால், குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை எனக் கதிர்காமம் வரை பல நாள் நடக்கவேண்டும். மணலும் முட்பற்றையுமே வழித்துணை, யானையும் கரடியும் உலவும் இடம், நீர் அரிது.

பண்டை வணிகர் இத்தகைய வழிகளைத் தனித்துக் கடந்திலர்; 'சாத்து' எனத் திரண்டே சென்றனர். யாத்திரிகரும் அவ்வாறே வேலேந்தியவரை முன்னிட்டுக் குழுவாய்ச் செல்கின்றனர். கூட்டத்தால் அச்சம் நீங்கும், சுமை பங்குபடும், 'அரோகரா' என்னும் ஒலியில் களைப்பும் மறையும். ஆயினும், கூட்டத்திற்குக் குறைகளும் உள. ஒருவர் விரைவர், ஒருவர் தளர்வர். ஒருவர்க்கு நிழல் வேண்டும், மற்றவர்க்கு அடுத்த நீர்த்துறை வேண்டும். நாவறண்டபோது பொறுமையும் வறளும். எல்லாவற்றினும் பெருங்குறை, 'வேறு எவரேனும் பார்த்துக்கொள்வர்' என ஒவ்வொருவரும் எண்ணிவிடுவதே.

அக்குறை என்னுடையதுமாம். போர் முடிந்த 2009ஆம் ஆண்டிற்குப் பின் ஒருமுறை, எம் குழுவில் இளையோர் சிலருடன் யானும் வெயில் ஏறுமுன் நீரை அடையவேண்டி விரைந்து நடந்தேன். துறையை அடைந்தோம், குடித்தோம், குளித்தோம். உணவுக்கு இலை போட்டபோதுதான் ஓர் இலை எஞ்சிற்று. எம்மூர் மூதாட்டி ஒருவர் வந்திலர். நெஞ்சு பதறத் திரும்பி ஓடினோம். நெடுந்தொலைவில் ஒரு பாலை மரத்து நிழலில், கால் வீங்கி அவர் அமர்ந்திருந்தார். வேற்றூர்க் குழுவினர் தம் நீரை அவர்க்கு ஊட்டிக்கொண்டிருந்தனர். எம்மைக் கண்டதும் அவர், "சாமி, நீங்கள் தண்ணீர் குடித்தீர்களா?" என்றார். அவ்வினாவிற்கு யான் விடை கூறவில்லை.

இன்று வழியில் நீர்த்தாங்கிகள் வைக்கப்படுகின்றன, அன்னதானமும் நிகழ்கின்றது. இவை வேண்டுவனவே. பழைய இடர்களை மீண்டும் விரும்புவார் கூற்று எனக்கு உடன்பாடன்று. ஆனால், நீர்த்தாங்கி தாகத்தைத் தீர்க்குமேயன்றிப் பின்தங்கியவரை எண்ணிப் பார்க்காது. வசதி பெருகப் பெருக, 'அவர் எப்படியும் வந்துவிடுவார்' என்னும் மெத்தனமும் பெருகுகின்றது. ஆதலின், குழு சிறிதாயிருத்தல் நன்று. வழியறிந்த வலியர் ஒருவர் கடைசியில் நடத்தல் வேண்டும். ஒவ்வொரு துறையிலும் ஆளை எண்ணிய பின்னரே நீர் அருந்துதல் வேண்டும். வேலேந்தி முன்செல்வார்க்குரிய சிறப்பு, இறுதியில் நடப்பார்க்கும் உரியது.

விழாக் காணும் நம் கல்லூரியின் பழைய மாணவரும் ஒரு சாத்தினரே. நம்முள் முன்சென்றார் பலர், அவரைப் போற்றுவோம். வராதவர் எவர் என்று எஞ்சிய இலையையும் எண்ணுவோமாக.