மரக்கன்றுப் பரிகாரம்

தலைவர் பிறந்தநாளா? மரக்கன்று. கல்யாணத் தாம்பூலப் பையா? தேங்காய்க்குப் பதில் மரக்கன்று. கம்பெனிக்கு ஆண்டு விழாவா? அதற்கும் அதுதான். பூமி சூடாகிறதே என்று யாராவது வாய் திறந்தால், "ஆளுக்கொரு மரம் நட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று முடித்துவிடுகிறார்கள். சரியாகாது. இப்படிச் சொன்னால் மரத்துக்கு விரோதி என்பார்கள். சொல்லட்டும்.

முதலில் அந்த விழாவையே பாருங்கள். நாள் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். கத்திரி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்குப் பெருமழை வர ஐப்பசி ஆகும். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ஃப்ளெக்ஸ் பேனருக்குக் கீழே ஒரு கன்றைப் பத்துக் கைகள் பிடித்துக்கொள்ள, போட்டோ எடுத்தாகிறது. கருப்பு பிளாஸ்டிக் பையைக் கிழிக்காமலே குழியில் இறக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பிறகு யார் தண்ணீர் ஊற்றுவது? உபயதாரர் பெயர் எழுதிய இரும்புக் கூண்டு மட்டும் நிற்கும். அடுத்த ஜூனுக்கு அதே குழி தயார்.

சரி, கன்று பிழைத்து மரமாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நன்கு வளர்ந்த மரம் ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வகை, வயது, மண்ணைப் பொறுத்துக் கூடும், குறையும். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு வெளியேறுகிறது. ஒன்றரை டன் ஏ.சி. ஓர் இரவில் எட்டு யூனிட் இழுத்தால் ஐந்தரை கிலோ. மரத்தின் ஒரு வருட உழைப்பு நாலு ராத்திரித் தூக்கத்தில் தீர்ந்தது!

1,000 மெகாவாட் அனல் மின் நிலையம் ஒன்று முழு வீச்சில் ஓடினால் ஒரே நாளில் சுமார் 20,000 டன் கக்கும். அதை உறிஞ்சப் பத்து லட்சம் மரங்கள் ஓராண்டு நிற்க வேண்டும். நடிகர் விவேக் முப்பது லட்சத்துக்கும் மேல் கன்றுகள் நட்டார். தனி மனிதராக நின்று யாரும் எளிதில் செய்ய முடியாத காரியம். அத்தனையும் பிழைத்து வளர்ந்தாலும் அவை ஓராண்டில் இழுப்பது அந்த நிலையத்தின் மூன்று நாள் புகையைத்தான். இது அவருடைய உழைப்பின் குறையல்ல, நிலக்கரியின் பூதாகாரம்.

இன்னொன்று. நிலக்கரி கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் பூட்டிக் கிடந்த கரி. மரமோ பட்டுப்போகும், வெட்டுப்படும், விறகாகும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. அப்படிப்பட்ட ஒன்றைக் கரிக்கு ஈடாக எழுதிக்கொள்வது கணக்கல்ல, பரிகாரம். எள் விளக்கு ஏற்றிவிட்டால் சனி விலகும் என்ற நம்பிக்கைக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

நட்டாலே நன்மை என்பதும் பொய். கொடைக்கானல், நீலகிரி மலைகளில் புல்வெளியைத் தரிசு என்று நினைத்து சீகை மரமும் தைலமும் நட்டார்கள். சோலைக்குத் துணையாக நீரைப் பிடித்து வைத்திருந்த புல் போனது. இன்று அந்த மரங்களை அகற்றச் செலவு செய்கிறோம்.

பரிகாரம் அரசுக்கும் வசதி. 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. காடும் மரங்களும் மாநிலப் பரப்பில் 33 சதவீதமாக வேண்டுமாம். 2024-இல் வட சென்னையில் 800 மெகாவாட்டுக்குப் புதிய அனல் மின் அலகு திறக்கப்பட்டது. உடன்குடியில் 1,320 மெகாவாட் திட்டம். இதைக் கேட்க வேண்டிய நாம் குழி தோண்டிக்கொண்டிருக்கிறோம்.

நிழலுக்கு நடுங்கள், குயிலுக்கு நடுங்கள், மாம்பழத்துக்கு நடுங்கள். புகையைக் குறைக்க வேறு வேலை இருக்கிறது. 75 வாட் பழைய மின்விசிறியைக் கழற்றிவிட்டு 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி மாட்டினால், நம் ஊரில் அது ஓடும் நேரத்துக்கு ஆண்டுக்கு 160 யூனிட்போல மிச்சம். ஐந்தாறு மரத்துக்குச் சமம், தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

நாலு பேர் கூடினால் இன்னும் பெரிதாக நடக்கும். மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006-இல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது. ஆண்டுக்கு ஆறு லட்சம் யூனிட்டுக்கு மேல். இருபதாயிரம் மரங்களின் வேலை அது. ஊருக்குத் தேவையானது போக மீதியை மின்வாரியத்துக்கு விற்று வருமானமும் பார்த்தார்கள்.

நகரத்தில் இதற்குச் சமமான இடம் அடுக்குமாடியின் மொட்டை மாடி. அது பொதுச்சொத்து, தனி வீட்டுக்காரர் ஒருவர் நினைத்தால் சோலார் பலகை வைக்க முடியாது, சங்கம் கூடித் தீர்மானம் போட வேண்டும். லிஃப்டுக்கும் மோட்டாருக்குமான கரண்ட் பில் குறையும் என்று எடுத்துச் சொன்னாலும், வடாம் காயப்போட இடம் இருக்காது என்று ஒருவர் எழுந்து நிற்பார். விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். வாசலில் வேப்பங்கன்று நடும் தீர்மானம் மட்டும் ஏகமனதாக நிறைவேறும்.