நடுங்க மறந்த கைப்பிடி

தரையை விட்டு எங்கும் போகாத விமானம் அது. உள்ளே அச்சு அசலாக விமானி அறை. ஜன்னலுக்கு வெளியே கம்ப்யூட்டர் வரைந்து காட்டும் ஓடுபாதை. அடியில், அறையையே ஆட்டி அசைக்கும் இரும்புக் கால்கள். சிமுலேட்டர் எனப்படும் இந்த இயந்திரத்தில் எத்தனை முறை விழுந்தாலும் யாரும் சாவதில்லை. விமானிகள் தப்பு செய்து கற்றுக்கொள்வதற்கென்றே கட்டப்பட்டது. ஆனால் சிமுலேட்டரே தப்பு செய்தால்?

2022 ஏப்ரலில் இந்தக் கேள்வி இந்தியாவில் எழுந்தது. ஸ்பைஸ்ஜெட் நிறுவனத்தின் 90 விமானிகள் போயிங் 737 மேக்ஸ் விமானத்தை ஓட்டக் கூடாது என்று சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் தடை போட்டது. அவர்கள் பயிற்சி பெற்ற சிமுலேட்டரில் கேப்டன் பக்கத்துக் கைப்பிடி நடுங்கவில்லை என்பதுதான் காரணம்.

பறக்கும் சக்தியை விமானம் இழக்கப்போகிறது என்றால், விமானியை எச்சரிக்கக் கைப்பிடி கடகடவென நடுங்க வேண்டும். மற்றதெல்லாம் சரியாக இருக்கும்போது இந்த ஒன்று இல்லாவிட்டால் என்ன என்று தோன்றலாம். அதற்கான விடை ஜாவா கடலில் கிடக்கிறது.

2018 அக்டோபர் 29 அன்று ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானத்தில், மூக்கின் கோணத்தை அளக்கும் சென்சார் ஒன்று தவறான கணக்கைக் கொடுத்தது. கிளம்பியதிலிருந்தே கேப்டனின் கைப்பிடி நடுங்கிக்கொண்டிருந்தது. அதே கணக்கை நம்பி, எம்சிஏஎஸ் என்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே அழுத்தியது. 189 பேர் பலி. கேப்டன் டில்லிக்காரர். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவில் இதே கதை. 157 பேர் பலி.

எம்சிஏஎஸ் என்ற ஒன்று இருப்பதையே விமானிகளின் கையேடு அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. பழைய 737 ஓட்டியவர்களுக்குச் சிமுலேட்டர் பயிற்சி தேவையில்லை, கம்ப்யூட்டர் திரையில் ஒரு சிறு பாடமே போதும் என்று கருதப்பட்டது.

ஆனால் சிமுலேட்டரில் ஏற்றியிருந்தாலும் முழுப் பாடம் கிடைத்திருக்காது. மேக்ஸ் சிமுலேட்டரின் மென்பொருளில் குறை இருந்ததை 2019 மே மாதம் போயிங் ஒப்புக்கொண்டது. கம்ப்யூட்டர் கைவிட்டால் விமானி ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றி மூக்கை நிமிர்த்த வேண்டும். வேகம் அதிகமாக இருக்கும்போது அந்தச் சக்கரம் எவ்வளவு கனக்கும் என்பதைச் சிமுலேட்டர் சரியாகக் காட்டவில்லை. எத்தியோப்பிய விமானிகள் அந்தச் சக்கரத்தோடு போராடித் தோற்றவர்கள்.

சிமுலேட்டரைச் சோதிக்கும் முறையிலேயே இதன் காரணம் இருக்கிறது. நிஜ விமானத்தின் சோதனைப் பயணங்களில் எடுத்த அளவுகள் பொறியாளர்களிடம் இருக்கும். கைப்பிடியை இவ்வளவு இழுத்தால் மூக்கு எத்தனை விநாடியில் எவ்வளவு உயர்கிறது என்று இரண்டையும் ஒப்பிடுவார்கள். வித்தியாசம் வரம்பை மீறினால் கோளாறு மோட்டாரிலா, நிரலிலா என்று தேடுவார்கள். ஆனால் ஒப்பிட அளவே தரப்படாத இடத்தில் வித்தியாசம் எப்படித் தெரியும்? சோதனையில் எல்லாம் பாஸ். பாடம் மட்டும் தப்பு.

விபத்துகளுக்குப் பிறகு விதி மாறியது. மேக்ஸ் மீதான தடையை 2021 ஆகஸ்டில் இந்தியா நீக்கியபோது சிமுலேட்டர் பயிற்சி கட்டாயமானது. பொய்யான எச்சரிக்கையில் கைப்பிடி நடுங்கி, மணிகள் அலறும்போதும் நிதானம் இழக்காமல் ஓட்டப் பழகுவதே அதன் நோக்கம். நடுங்காத கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அதைப் பழகுவது, தண்ணீரில்லாத குளத்தில் நீச்சல் கற்ற கதைதான்.

ஸ்பைஸ்ஜெட்டுக்கு ரூ. 10 லட்சம் அபராதம் விதிக்கப்பட்டது. 90 விமானிகளும் மறுபடி பயிற்சி பெற வேண்டும் என்று உத்தரவானது. இம்முறை கோளாறு தரையிலேயே கண்டுபிடிக்கப்பட்டது.